கட்சிகளுக்குள் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? எதில் சேர்வது?

இளவெயில் கேட்டது:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அரசியலை ஓரமாக நின்று பார்த்தது போதும், ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. வீட்டில் சொன்னால், "எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான்" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் தேர்தல் அறிக்கைகளை எடுத்து வைத்துப் படித்தால் தலை சுற்றுகிறது. அட்டையை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. வேலைவாய்ப்பு, கல்வி, மருத்துவம், விவசாயி நலன், பெண்கள் முன்னேற்றம் என்று எல்லோரும் எல்லாவற்றையும் தருகிறார்கள். இடதுசாரி, வலதுசாரி என்று வேறு சொல்கிறார்கள். எந்தக் கட்சி நல்லது என்று நான் கேட்கவில்லை. எப்படிப் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்னங்கீற்று:

இடது வலது பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னருக்குச் சட்டத்தைத் தடுக்கிற வீட்டோ அதிகாரம் வேண்டும் என்றவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கம். அங்கிருந்து வந்ததுதான். இன்றைக்குப் பொருளாதாரத்தில் இடதாக இருக்கிற கட்சி மத விஷயத்தில் வலதாக இருக்கலாம். ஒரு கோட்டில் நிறுத்திப் பார்த்தால் பாதிக் கட்சி பிடிபடாது.

கிளைக்காரர்:

தம்பி, நான் ஒரு கட்சியில் பல வருடம் கிளைப் பொறுப்பில் இருந்தவன். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு அதன் மேல் போய்விடும்.

அறிக்கைகள் ஒன்றுபோல இருப்பதில் ஆச்சரியமே இல்லை. தருகிறேன் என்று எழுத யாருக்கும் செலவாவதில்லை. இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் கட்சியின் நிஜ முகம் தெரியும். வரியையும் குறைக்க வேண்டும், மருத்துவமனைக்கும் பணம் வேண்டும், கஜானாவில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதை விடுகிறார்கள்? ஆலை வந்தால் வேலை வரும், ஆறு கெடும். யார் பக்கம் நிற்கிறார்கள்? ஆட்சியில் இருந்த கட்சியென்றால் பட்ஜெட் உரையை விட்டுவிட்டு, பின்னால் வெளிவரும் உண்மைச் செலவுக் கணக்கைப் பாருங்கள். ஒதுக்கினது ஒன்று, செலவழித்தது ஒன்று என்றால் செலவழித்ததுதான் கொள்கை.

எதிர்க்கட்சியென்றால் மசோதாக்கள் வந்தபோது எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியாவில் 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அதனால் ஓர் எம்.பி.யின் ஓட்டு அவர் மனசைக் காட்டாது, கட்சி மனசைத்தான் காட்டும். அமெரிக்காவில் ஒரே கட்சிக்காரர்கள் எதிரெதிராக ஓட்டுப் போட்டாலும் பதவி போகாது. அங்கே கட்சியோடு ஆளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, கட்சியின் சட்டதிட்டப் புத்தகம். உறுப்பினர் படிவம் கேட்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். முகவுரையில் நிற்க வேண்டாம். இந்தியாவில் கட்சியைப் பதிவு செய்யவேண்டுமென்றால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவுப்படி அரசியலமைப்புக்கும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் என்ற கோட்பாடுகளுக்கும் உண்மையாக இருப்போம் என்று எழுதியே தீர வேண்டும். எல்லாக் கட்சியிலும் அந்த வரி இருக்கும். நடுப்பக்கங்களுக்குப் போங்கள். தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? வேட்பாளரை முடிவு செய்வது யார்? தலைமை நினைத்தால் ஒரு கிளையை அப்படியே கலைக்க முடியுமா? ஒருவரை நீக்கினால் அவர் யாரிடம் முறையிடலாம்?

இந்த விஷயத்தில் கட்சிக்குக் கட்சி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நெதர்லாந்தில் கேர்ட் வில்டர்ஸ் 2006-ல் தொடங்கிய சுதந்திரக் கட்சி, அவரைத் தவிர யாரையும் உறுப்பினராகச் சேர்க்காமலே தேர்தல்களில் இடங்களை ஜெயித்து வந்தது. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி. 2018-ல் கூட்டணி அரசில் சேரலாமா வேண்டாமா என்பதைத் தன் உறுப்பினர்களிடமே ஓட்டுக்கு விட்டது. சுமார் 66 சதவீதம் பேர் சம்மதித்த பிறகுதான் ஆட்சி அமைந்தது. நீங்கள் சேரப்போகும் கட்சி இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

கடைசியாகக் கிளை. நீங்கள் தலைவரோடு வேலை செய்யப் போவதில்லை, கிளையில் இருக்கும் இருபது முப்பது பேரோடுதான். சேருவதற்கு முன் பார்வையாளராக வரலாமா என்று கேளுங்கள். வரக்கூடாது என்றால் அதுவும் ஒரு பதில்தான். போனால் வாயைத் திறக்காமல் பாருங்கள். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினால் மைக் அவரிடம் போகிறதா? மேலிடத்துச் சுற்றறிக்கையை வாசித்த கையோடு "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதி முடிக்கிறார்களா, இல்லை யாராவது குறுக்கே கேள்வி கேட்கிறார்களா? வரவு செலவைக் கூட்டத்தில் படிக்கிறார்களா?

முடிந்தால் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். எங்கள் கிளைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். குடிநீர்க் கட்டணத்தை உயர்த்துவதைக் கட்சி எதிர்க்க வேண்டும் என்ற தீர்மானம் அது. ஆதரித்தவர்கள் பெயருக்குக் கீழே, எதிர்த்தவர்கள் பெயரும் ஒவ்வொருவரும் சொன்ன காரணமும் செயலாளர் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். மேலே அனுப்பியபோது அந்தப் பகுதியையும் நகலெடுத்து அனுப்பினோம். எதிர்த்தவர்கள் தோற்றார்கள், ஆனாலும் மறுவாரம் எங்களோடு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க வந்தார்கள். தோற்றவன் தங்கியிருக்கிற கிளைதான் உயிருள்ள கிளை. அப்படி ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மணிமேகலை:

கிளைக்காரர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் கொள்கையை அவ்வளவு பின்னால் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். உள்ளுக்குள் அருமையாக ஓட்டெடுப்பு நடத்திவிட்டு வெளியே அநியாயத்துக்குத் துணை போகிற கட்சியும் இருக்கலாம். உறுப்பினர் ஓட்டு இருந்தாலே எல்லாம் ஒழுங்காகிவிடாது. பிரிட்டனில் 2022-ல் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத்தான் லிஸ் டிரஸ் பிரதமர் ஆனார், இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

தம்பி, கட்சியின் வரலாற்றைப் படியுங்கள். யாருக்காக ஆரம்பித்தது, எப்போது பாதை மாறியது என்று பாருங்கள். பிரிட்டனின் லேபர் கட்சி 1918-ல் உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்று தன் விதியிலேயே எழுதியது. 1995-ல் டோனி பிளேர் காலத்தில் அதை மாற்றி எழுதினார்கள். ஜெர்மனியில் ஐயா சொன்ன அதே எஸ்.பி.டி. 1959-ல் கோடெஸ்பெர்க் மாநாட்டில் மார்க்சியத்தை விட்டு விலகியது. இப்படி மாறும்போது கட்சிக்குள் என்ன சண்டை நடந்தது, யார் வெளியேறினார்கள் என்று தேடிப் படித்தால் தேர்தல் அறிக்கை சொல்லாததெல்லாம் தெரியும்.

அதற்கும் முன்னால், நீங்கள் எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க மாட்டாத ஒன்றிரண்டு விஷயங்களைத் தாளில் எழுதி வையுங்கள். சாதி, மதம், மொழி, தொழிலாளர் உரிமை, எதுவாகவும் இருக்கட்டும். கட்சிக்காரர்களிடம் பேசும் முன்பே எழுதிவிடுங்கள். பேசிய பிறகு எழுதினால் அவர்கள் சொன்னதுதான் தாளில் வரும்.

கிளைக்காரர்:

மணிமேகலை அம்மா சொல்வது நியாயம். நான் கொள்கையை ஒதுக்கவில்லை, அது காகிதத்தில் இருக்கிறதா நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் வழியைத்தான் சொன்னேன். தாளில் எழுதி வைக்கச் சொன்னீர்களே, அதை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

பணத்தை விட்டுவிட்டேன். இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும், ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, பத்திரம் வழியாக யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்பதும் வெளியே வந்தது. அந்தப் பட்டியலையும் சட்டமன்ற, நாடாளுமன்ற ஓட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இளவெயில்:

ரொம்ப நன்றி. தாளில் எழுத ஆரம்பித்துவிட்டேன், நினைத்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். மத்திய அரசுத் தேர்வும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது சேர்ந்தால் பிரச்சினை வருமா?

கிளைக்காரர்:

வேலை கிடைக்கும்வரை நீங்கள் சாதாரணக் குடிமகன், சேரலாம். கிடைத்துவிட்டால் 1964-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 5-ஆவது விதி குறுக்கே வரும். அரசு ஊழியர் கட்சி உறுப்பினராக இருக்க முடியாது, பிரசாரமும் செய்ய முடியாது. ஓட்டுப் போடலாம். ஆகவே அப்போது விலக வேண்டியிருக்கும். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் உங்கள் பெயர் வருடக்கணக்கில் பட்டியலிலேயே கிடக்கும்.