தகவல் எழுதிவைக்கும் புத்தகம்: தேடி எடுக்க என்ன வழி?

வாணி, பட்டர்வொர்த்
வணக்கம். படிக்கும்போதோ யாராவது சொல்லும்போதோ மனசுல பட்ட தகவலை எழுதி வைக்கிறது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். மளிகைக்கடையில கடன் எழுதுவாங்களே, அந்த 555 புத்தகம்தான். கைப்பையில அடங்கும், பெர்ரிக்குக் காத்திருக்கும்போது நின்னுக்கிட்டே எழுதலாம். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"வெள்ளிக் கிரகம் சூரியனைச் சுற்ற 225 நாள். தன்னைத்தானே ஒரு தடவை சுற்ற 243 நாள்!"
"ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே பழம். கொட்டை காய், அதைச் சுத்தின சிவப்புத் தோல் பத்திரி. பாலிக் புலாவ்ல ஜூஸ் விக்கிற அக்கா பிளந்து காட்டினாங்க."

இப்ப புத்தகங்கள் ஒரு டப்பா நிறைய சேர்ந்துடுச்சு. பினாங்கு கொடிமலை ரயில் எந்த வருஷம் ஓட ஆரம்பிச்சதுன்னு மகன் கேட்டான். எழுதினது நல்லா ஞாபகம் இருக்கு, எந்தப் புத்தகம்னு தெரியல. போனுக்கு மாற மனசில்லை, கையால எழுதினாத்தான் எனக்கு நிக்குது. நீங்கள்லாம் எப்படி வச்சிருக்கீங்க?

சுகு, செந்தூல்
எழுதின பக்கத்தைப் போட்டோ எடுத்து வச்சிடுங்க அக்கா. புத்தகம் மழையில நனைஞ்சாலும் கவலை இல்லை.

பழைய வாத்தியார், பிரிக்ஃபீல்ட்ஸ்
போட்டோ எடுத்தாலும் தேடத்தானே வேணும்? அட்டையில புத்தக எண், உள்ளே பக்க எண் போடுங்கம்மா. தனியா ஒரு நோட்டுல அட்டவணை. ஜான் லாக்னு ஒரு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் இதுக்கு ஒரு முறை வகுத்து 1686லயே அச்சில் கொடுத்தார்: தலைப்போட முதல் எழுத்து, அதுக்கப்புறம் வர்ற முதல் உயிரெழுத்து, ரெண்டையும் வச்சு அட்டவணை. நமக்கு இன்னும் சுலபம், உயிர்மெய்யில ரெண்டும் சேர்ந்தே இருக்கு. 'ஜா'வுக்கு நேரே 3-17னு எழுதினா மூணாவது புத்தகம், 17ஆம் பக்கம். என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஆயர் ஈத்தாம் முருகையா
தங்கச்சி, மகனுக்குப் பதில்: ரெண்டு வருஷமும் சொல்லலாம். 1923 அக்டோபர்ல ஜனங்க ஏற ஆரம்பிச்சாங்க, முறைப்படி திறப்பு விழா 1924 ஜனவரி 1. அதனாலதான் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு வருஷம் பார்ப்பீங்க. இன்னொண்ணும் சொல்லுங்க, பையன் ரசிப்பான்: ஒரே கம்பி வடத்துல ரெண்டு வண்டி, ஒண்ணு இறங்குற எடை இன்னொண்ணு ஏற உதவும். பாதி வழியில ரெண்டும் ஒதுங்கிக் கடக்கும்.

எண்ணை எழுதும்போது அது எதோட எண்ணுன்னும் கட்டாயம் எழுதுங்க. நம்ம பினாங்கோட முதல் பாலம் 1985ல திறந்தது. 13.5 கிலோமீட்டர்னும் போடுவாங்க, 8.4னும் போடுவாங்க. முன்னது மொத்த நீளம், பின்னது கடலுக்கு மேல இருக்கிற பகுதி. வெறும் எண்ணை மட்டும் குறிச்சு வச்சா, நாலு வருஷம் கழிச்சுப் பார்க்கும்போது எது சரின்னு உங்களுக்கே சந்தேகம் வரும். யார் சொன்னது, எங்க படிச்சதுன்னு ஒரு வார்த்தையும் சேர்த்துக்குங்க. ஜாதிக்காய்க்கு எழுதியிருக்கீங்களே, அதேமாதிரி.

வாணி, பட்டர்வொர்த்
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி ஐயா. வடம் விஷயத்தைக் கேட்டுட்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே மலைக்குப் போகணும்ங்கிறான். அட்டவணை நோட்டு வாங்கியாச்சு. ஒரு சந்தேகம்: கொடிமலை ரயிலை 'கொ'வில போடணுமா, 'ர'வில போடணுமா?

பழைய வாத்தியார், பிரிக்ஃபீல்ட்ஸ்
ரெண்டுலயும் போடுங்கம்மா. ஒரு வரிதானே.