1933 சிகாகோ பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டம்: அந்த இடத்துக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

சிகாகோவாசி:

எங்கள் ஊர் பேஸ்பால் அணியான வொயிட் சாக்ஸ் ஆடும் மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் 35-ஆம் தெருவுக்கு வடக்கே உள்ள பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினால், இறங்கும்போது தரையைக் கொஞ்சம் பாருங்கள். ஓரிடத்தில் பளிங்குக் கல் ஒன்று பதித்திருக்கும். 1910 முதல் 1990 வரை ஆட்டம் நடந்த பழைய கோமிஸ்கி பார்க் மைதானத்தின் ஹோம் பிளேட், அதாவது மட்டை பிடிப்பவர் நின்று அடிக்கும் இடம், அங்கேதான் இருந்தது. மைதானத்தை இடித்துவிட்டுத் தெருவுக்குத் தெற்கே புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

நான் போனபோது கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்டம் கரி அடுப்பு மூட்டிச் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நான் படம் எடுப்பதைப் பார்த்து, "பேப் ரூத்துக்காகத்தானே?" என்றார். ரூத் அந்தக் காலத்தின் பெயர்பெற்ற பேஸ்பால் வீரர். ஆமாம் என்றதும், "எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. முதல் ரன் யாரால வந்தது, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் விடவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கதை இதுதான். 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. பொருளாதார மந்தம் ஊரையே முடக்கிப் போட்டிருந்த நேரம். கண்காட்சியோடு பெரிய விளையாட்டு நிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்று மேயர் கேட்க, சிகாகோ டிரிப்யூன் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் இந்த யோசனையைச் சொன்னார்: அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில், அமெரிக்கன் லீகின் தலைசிறந்தவர்கள் ஒரு பக்கம், நேஷனல் லீகின் தலைசிறந்தவர்கள் மறுபக்கம். அதுதான் ஆல்-ஸ்டார் ஆட்டம். இன்றைக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் அப்போதெல்லாம் இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரைத் தவிர இந்த இரண்டு லீகும் கணக்கில் சேரும் ஆட்டம் எதிலும் மோதிக்கொண்டதே இல்லை. சீசன் ஆட்டங்களில் மோதத் தொடங்கியதே 1997-இல்தான். நட்டம் வந்தால் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம் வார்ட். அந்த நிலைமை வரவில்லை. ஜூலை 6 அன்று 47,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள்.

பெரியவர் சொன்ன முதல் ரன்னுக்கு வருகிறேன். இரண்டாவது இன்னிங்ஸில் அமெரிக்கன் லீகின் பிட்சர் (பந்து வீசுபவர்) லெஃப்டி கோமெஸ் அடித்த அடியில் ஜிம்மி டைக்ஸ் ஓடி வந்து சேர்ந்தார். ஆல்-ஸ்டார் வரலாற்றின் முதல் ரன் அதுதான். கோமெஸின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .147. நம் கிரிக்கெட்டில் பதினோராவது ஆளாக இறங்குகிறவர் முதல் பவுண்டரியைத் தட்டிய மாதிரி. ரூத் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தது மூன்றாவது இன்னிங்ஸில். சார்லி கெரிங்கர் பேஸில் நிற்க, பில் ஹாலஹன் வீசிய பந்தை வலது பக்க ஸ்டாண்டுக்குள் அனுப்பினார். ரூத்துக்கு அப்போது 38 வயது. அவருடைய ஆட்டம் இறங்குமுகத்தில் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் சிக் ஹாஃபி ஓங்கி அடித்ததை ஓடிப் பிடித்ததும் அதே மனிதர்தான். கடைசியில் 4-2 என அமெரிக்கன் லீக் வென்றது.

எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று: அந்த சீசனில் அமெரிக்கன் லீகில் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம் பிடித்தவர் ஜிம்மி ஃபாக்ஸ். அமெரிக்கன் லீக் மேனேஜர் கானி மேக்கின் சொந்த அணிக்காரர் வேறு. அவரை ஆட்டம் முழுக்க பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார் மேக். அவருடைய இடமான முதல் பேஸில் லூ கெரிக் நின்றார் என்பது சரிதான். ஆனாலும் காட்சி ஆட்டம்தானே, இரண்டு இன்னிங்ஸாவது இறக்கியிருக்கலாம். எதிர்ப்பக்கம் மேனேஜர் ஜான் மெக்ரா. முந்தின ஆண்டே ஓய்வு பெற்றவர், இதற்காகத் திரும்ப வந்தார். அடுத்த பிப்ரவரியில் காலமாகிவிட்டார்.

கான்சஸ் சிட்டியிலிருந்து:

அண்ணா, அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு பாதியை விட்டுட்டீங்க. அதே வருஷம் செப்டம்பர் 10, அதே கோமிஸ்கி பார்க், அதே ஹோம் பிளேட். கிழக்கு-மேற்கு ஆட்டம். கறுப்பின வீரர்கள் தனியா ஆடின நீக்ரோ லீக் வீரர்களோட முதல் ஆல்-ஸ்டார். ஜூலையில நடந்தது "தலைசிறந்தவர்கள்" ஆட்டம்னு சொல்றோமே, அதுல ஒரு கறுப்பின வீரருக்கும் இடம் கிடையாது. பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணி உரிமையாளர் கஸ் கிரீன்லீ முன்நின்று நடத்தினார். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் மாதிரி கறுப்பினப் பத்திரிகைகள் வழியா மக்களே ஓட்டுப் போட்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்தாங்க. மேற்கு 11-7-னு ஜெயிச்சது. வில்லி ஃபாஸ்டர் ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசினார். மியூல் சட்டில்ஸ் ஹோம் ரன் அடிச்சார்.

இங்க எங்க ஊர்ல 18-ஆவது தெருவும் வைன் தெருவும் சேர்ற இடத்துல நீக்ரோ லீக் மியூசியம் இருக்கு. ஊர்லருந்து வந்த மாமாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். உள்ளே ஒரு சின்ன மைதானமே போட்டு, வெண்கலச் சிலைகளை அவங்கவங்க இடத்துல நிறுத்தியிருக்காங்க. பிளேட்டுக்குப் பின்னாடி ஜோஷ் கிப்சன், வீசுற மேட்டுல சாட்சல் பெய்ஜ். நுழைஞ்சதும் கோழிக் கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலை வழியாத்தான் பார்க்க முடியும், கிட்டப் போக வழி கிடையாது. மொத்த வரலாற்றையும் சுத்திப் படிச்சு முடிச்ச பிறகுதான் மைதானத்துக்குள்ள விடறாங்க. மாமா வலையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்கடா வழி?"னு கேட்டுட்டே இருந்தார். வேணும்னேதான் அப்படி அமைச்சிருக்காங்கன்னு சொன்னதும் பேச்சை நிறுத்திட்டார்.

1920-லருந்து 1948 வரைக்குமான ஏழு நீக்ரோ லீக்குகளை, அந்த ரெண்டு பெரிய லீகும் சேர்ந்த மேஜர் லீக் அமைப்பு தன் தரத்துல ஏத்துக்கிட்டது 2020 டிசம்பர்ல. அவங்க ஆட்டக் கணக்குகளை மேஜர் லீக் கணக்கோட சேர்த்தது 2024-ல. அதுவரைக்கும் முதலிடத்துல இருந்த டை காபோட .367-ஐத் தாண்டி கிப்சன் .372-னு வாழ்நாள் சராசரியில முதலிடத்துக்கு வந்துட்டார். இறந்து 77 வருஷம் கழிச்சு!

நியூஜெர்சி நண்பர்:

ரூத் அடித்த அந்தப் பந்து 2006-இல் ஏலத்துக்கு வந்தது. 8,05,000 டாலருக்குப் போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபாக்ஸுக்கு ஒரு பந்தாவது கிடைத்திருக்கலாம்.

சிகாகோவாசி:

கான்சஸ் தம்பி, சரியாகப் பிடித்தீர்கள். அந்தக் கல்லில் செப்டம்பர் ஆட்டத்தைப் பற்றி நான் எதுவும் பார்க்கவில்லை. பெரியவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகஸ்டில் அந்தப் பக்கம் வருகிறேன், மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். சிகாகோ வருகிறவர்களுக்கு: ரெட் லைன் ரயிலில் சாக்ஸ்-35 நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் போதும். மேட்ச் இல்லாத நாளாகப் பாருங்கள். மேட்ச் நாளில் கல் மேலேயே யாராவது காரை நிறுத்தியிருப்பார்கள்.