டூரிங் வண்டி: வாரண்ட்டி பேப்பர்ல இருக்கறது வேற, ரோட்ல கெடைக்கறது வேற – உங்க அனுபவத்தயும் போடுங்க

வணக்கம் மக்களே, திருப்பூர்ல இருந்து எழுதறேன். அடுத்த வருஷத்துக்குள்ள டூரிங் வண்டி, அதான் தூரமா ஊர் சுத்தற பைக்க, மாத்தலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி இப்ப வச்சிருக்கற வண்டில எனக்கு நடந்தத சொல்லிடறேன், நீங்களும் உங்களுக்கு நடந்தத சொல்லுங்க, வாங்கப் போற யாருக்காச்சும் உதவும். கம்பெனி பேரு ஷோரூம் பேரு எதும் போடல, இது எந்த கம்பெனிலயும் நடக்கலாம்.

வண்டி எடுத்து ஒன்றரை வருஷம், மீட்டர்ல 19,400. வாரண்ட்டி 3 வருஷம் இல்லாட்டி 30,000 கிலோமீட்டர், எது முன்னாடி வருதோ அது. சர்வீஸ் ஒண்ணு கூட தள்ளிப் போட்டதில்ல. நானும் என் சிநேகிதனும் ரெண்டு வண்டில ஹம்பி கெளம்புனோம், காலைல ஆறு மணிக்கு பண்ணாரி செக்போஸ்ட் தொறந்ததும் திம்பம் ஏறி, 27 கொண்டை ஊசியும் அந்த குளிர்ல ஏறுன சந்தோஷத்துல சாம்ராஜ்நகர் மைசூர்னு போயி ராத்திரி சித்ரதுர்கால தங்குனோம். வண்டி ஒரு கொற சொல்ல முடியாது, அவ்வளவு நல்லா ஓடுச்சு.

மறுநாள் ஹொசபேட்டை ரோட்ல கூட்லிகி தாண்டி போய்ட்டிருக்கறப்ப பிரேக்கோட ஏபிஎஸ் லைட் எரிய ஆரம்பிச்சுது. கொஞ்ச தூரத்துல மீட்டர் டிஸ்ப்ளே அணஞ்சு அணஞ்சு வந்துச்சு. அப்பறம் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நின்னுடுச்சு. செல்ப் அடிச்சா டிக் டிக்னு ரிலே சத்தம் மட்டும்தான். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா எப்ஐ வண்டி, கார்புரேட்டர் இல்லாம பம்ப் வச்சு பெட்ரோல் பீய்ச்சறது, பேட்டரில கரண்ட் இல்லன்னா பெட்ரோல் பம்பே ஓடாது.

சீட்ட கழட்டிப் பாத்தேன். மேக்னட் காயில்ல இருந்து வர்ற கரண்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற ரெக்டிபயர் இருக்கில்லீங்களா, நம்ம மெக்கானிக்குங்க ஆர்ஆர் யூனிட்டும்பாங்க, அதுக்குப் போற கப்ளர்ல மூணு மஞ்ச வயர் வரும். அதுல ஒண்ணோட முனை கருகி, வெள்ள பிளாஸ்டிக் சாக்கெட்டு மெழுகாட்டம் உருகி பக்கத்து பின்னோட ஒட்டிக் கெடந்துச்சு. தொட்டா கைல கரி. டூருக்குன்னு எப்பவும் ஒரு சின்ன மல்டிமீட்டர் வச்சிருப்பேன், பேட்டரில வச்சா 9.6 காட்டுச்சு. வண்டி ஓடறப்ப பதினாலு கிட்ட இருக்கணும்.

இங்கதான் விஷயமே. ரோட்டோரமா ஒரு பெரியவர் மெக்கானிக் கட வச்சிருந்தாரு, வந்து பாத்துட்டு, கப்ளர வெட்டி எறிஞ்சுட்டு மூணு வயரயும் நேரா சால்டரிங் பண்ணி, வேற வண்டி ஆர்ஆர் ஒண்ணு போட்டா ஒரு மணி நேர வேலைன்னு சைகையும் அரைகுறை ஹிந்தியுமா சொன்னாரு. அவரு சொன்னது சரிதான், எனக்கே தெரியும். ஆனா வயர வெட்டுனா எலக்ட்ரிக்கல் வாரண்ட்டி போச்சு, இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல மிச்சம் இருக்கு, நாளைக்கு அந்த மேக்னட் காயிலோ வண்டியோட கம்ப்யூட்டரான இசியூவோ போனா பெருந்தொக. கண்ணு முன்னாடி வண்டிய ஓட வைக்கத் தெரிஞ்ச மனுசன் நிக்கறாரு, அவரத் தொட விடாம அந்த வாரண்ட்டியே என் கையக் கட்டிப் போட்டுடுச்சு. அவரு டீ வாங்கிக் குடுத்துட்டு காசு கூட வாங்கல.

ரோடுசைட் அசிஸ்டன்ஸ்க்கு போன் போட்டு நாலு மணி நேரம் கழிச்சு ஒரு குட்டியானை வந்துச்சு. பக்கத்து பெரிய டவுன் சர்வீஸ் சென்டர்ல மரியாதையாதான் பேசுனாங்க, ஆனா ஆர்ஆர் யூனிட் ஸ்டாக் இல்ல, டிப்போல இருந்து வர ஒம்போது நாள். வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ் புடிச்சு ஊர் வந்தேன், ஹம்பி பாக்கவே இல்ல.

ஊர் வந்த மூணாம் நாள் போன் வருது, க்ளெய்ம் ரிஜெக்ட்டாம். ஏன்னா வெளிய வாங்கி பாக் லைட் (மூடுபனிக்கு போடற லைட்டு) மாட்டியிருக்கீங்க, அதனாலதான் வயர் சூடாயிருக்குங்கறாங்க. அந்த லைட்டு அதே கம்பெனி ஷோரூம் ஆக்சசரீஸ் கவுண்டர்ல வாங்கி அவங்க ஆளே மாட்டுனது. பில்ல தேடி எடுத்தா வெறும் வெள்ளத் தாளு, அந்த பளபள தாள்ல அடிச்ச எழுத்து ஒண்ணு கூட மிச்சமில்ல, மொத்தமா மங்கிப் போச்சு. நல்ல வேள, வாங்குன அன்னைக்கே வீட்டம்மா போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தாங்க. அத மெயில்ல போட்டு ரெண்டு தடவ பேசுனதுக்கப்பறம் ஒத்துக்கிட்டாங்க. வண்டி கைக்கு வந்தது 23-ஆம் நாள். பாகத்தோட வெல நாலாயிரத்துக்குள்ள தானுங்க.

அதனால இப்ப எந்த ஷோரூம் போனாலும் டெஸ்ட் ரைடுக்கு முன்னாடி நேரா ஸ்பேர்ஸ் கவுண்டருக்குத்தான் போறேன். ஆர்ஆர் யூனிட், க்ளட்ச் கேபிள், முன் பிரேக் லீவர் மூணும் இன்னைக்கு இருக்கான்னு கேக்கறேன். ஒரு எடத்துல அந்த அக்கா மானிட்டரவே என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க, 2, 0, 4. இன்னொரு எடத்துல ஆர்டர் போட்டா வந்துரும் சார்னு முடிச்சுட்டாங்க. அந்த ரெண்டாவது எடத்து வண்டி எனக்கு ரொம்பப் புடிச்ச வண்டி, இருந்தாலும் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன்.

*

மதுரைல இருந்து. அண்ணே நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. நான் ராயல் என்பீல்டு வச்சிருக்கேன், 2022-ல லடாக்ல லே போயிட்டு மணாலி பக்கம் எறங்கும்போது ஜிங்ஜிங்பார் தாண்டி ரோட்டுக்கு குறுக்க பனி உருகி ஓடுற தண்ணில கல்லு மேல ஏத்தி விழுந்துட்டேன், முழுக்க என் தப்புதேன். க்ளட்ச் லீவர் பாதில ஒடஞ்சு ரெண்டு வெரல் வைக்கிற அளவுக்கு குச்சி மட்டும் மிச்சம். அத வச்சே கீலாங் வரைக்கும் எறக்கிட்டேன், அங்க ஒரு பெட்டிக்கட சைஸ் கடைல லீவர் கொத்தா தொங்குது, அஞ்சு நிமிசத்துல மாட்டி விட்டாரு. 1955-ல இருந்து திருவொற்றியூர்ல புல்லட் செஞ்சு அது மலை மேல ராணுவம் வரைக்கும் போயி பரவுனதால இன்னைக்கு அந்தப் பக்கம் எந்த ஊர்லயும் அந்த வண்டிக்கு கை வைக்கிற ஆளு இருக்காக. அந்த வசதிக்கு எந்த வாரண்ட்டி புக்கும் ஈடாகாது.

இன்னொன்னு, பெட்ரோல் டேங்க்கயும் பாருங்கண்ணே. மணாலில இருந்து லே போற ரோட்ல ‘தாண்டி’ங்கற ஊரு பங்க்ல, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு நான் போனப்ப போர்டு வச்சிருந்தாக. ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450-ல 17 லிட்டர் புடிக்கும், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்ல 12 லிட்டர். 12 லிட்டர் வண்டிக்காரக கேன் கட்டிட்டு போறதுதேன் நல்லது.

*

நான் திருச்சி, தனியா ஓட்றவ. எனக்கு வண்டி கெட்டுப் போனத விட எண்ட்ரி போடாததுதான் பிரச்சினையாச்சு. கொங்கண் கடற்கரை பக்கமா பெரிய ரைடு போயிருந்தேன், 10,000 சர்வீஸ் நடு வழில வந்துருச்சு, ஊருக்கு வந்து பண்ணா லிமிட் தாண்டிடும்னு வழிலயே அதே கம்பெனி சர்வீஸ் சென்டர்ல முறையா காசு கட்டி பண்ணிட்டேன். எட்டு மாசம் கழிச்சு ஸ்டியரிங் கோன் செட், அதான் ஹேண்டில்பார் திரும்பற எடத்து பேரிங், கடகடன்னுச்சு, க்ளெய்ம் போட்டா 10,000 சர்வீஸ் சிஸ்டத்துல இல்ல, நீங்க சர்வீஸ் விட்டுட்டீங்கன்னு ஒரே பதில். அங்க ஆயில் மாத்தி காசு வாங்கினவங்க கம்ப்யூட்டர்ல ஏத்தவே இல்ல. புக்ல சீல் இருக்கு, ஜாப் கார்டு இருக்கு, ரெண்டையும் காட்டினாலும் சிஸ்டத்துல வந்தாதான் மேடம்னு அதே பாட்டு. என் கூட பேசின அட்வைசர் பையன் பாவம், அவன் கைல ஒண்ணும் இல்லன்னு அவன் மூஞ்சியே சொல்லுச்சு.

வாரம் ரெண்டு போச்சு, அப்புறம் 1915-க்கு போன் பண்ணேன், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். நம்பர் குடுத்து பதிவு பண்ணிட்டாங்க, கம்பெனி ஹெட் ஆபீஸ்ல இருந்து அடுத்த வாரமே கூப்பிட்டாங்க, கோன் செட் ப்ரீயா மாறுச்சு. இது கூட நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல, 2019 சட்டத்துல நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், கம்பெனி இருக்கற ஊருக்கு அலைய வேண்டாம். இது நெறைய பேருக்கு தெரியல. இப்ப வெளியூர்ல சர்வீஸ் விட்டா வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல என் வண்டி நம்பர் போட்டு காட்டுங்கன்னு கேட்டு போட்டோ எடுத்துட்டுதான் கெளம்பறேன். ட்ரயம்ப் 400-ல சர்வீஸ் இடைவெளியே 16,000 கிலோமீட்டர்ங்கறது என்னை மாதிரி நீளமா ஓட்றவங்களுக்கு பெரிய விஷயம், என் அடுத்த வண்டிக்கு அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.

*

சென்னை. ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, கம்பெனி இந்த நாட்டுல இருக்குமான்னு பாருங்க. 2020 செப்டம்பர்ல ஹார்லி டேவிட்சன் ஹரியானா பவால்ல இருந்த பேக்டரிய மூடறேன்னு சொன்னப்ப என் மாமா பையன் வண்டி வாரண்ட்டிலதான் இருந்துச்சு, அந்த ஒரு மாசம் அவன் தூங்கல. அடுத்த மாசம் ஹீரோ விற்பனையும் சர்வீஸும் எடுத்துக்கிட்டதால பொழச்சுது. கைமாத்த ஆள் இல்லாம போயிருந்தா அவ்வளவு லட்சம் போட்டது என்னாயிருக்கும்.

ரெண்டு, ரீகால்னு கேட்டாலே அந்த வண்டி வேணாம்னு ஓடாதீங்க ப்ளீஸ். 2021 மே மாசம் ராயல் என்பீல்டு இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 வண்டிய திருப்பிக் கூப்டாங்க, கிளாசிக் புல்லட் மீட்டியார் மூணும். எனக்கும் மெசேஜ் வந்துச்சு, போனேன், சேசிஸ் நம்பர் பாத்து செக் பண்ணி அனுப்புனாங்க, ஒரு ரூபா கேக்கல. தப்ப ஒத்துக்கிட்டு கூப்பிடற கம்பெனிய நான் நம்புவேன். எல்லா வண்டிலயும் எங்கயோ ஒரு பார்ட் கொஞ்சம் வீக்காதான் இருக்கும், அத ஒத்துக்காம கஸ்டமர் ஓட்ற முறை சரியில்லன்னே சொல்லி வருஷக்கணக்கா காலத்த கடத்தற கம்பெனிதான் பயம்.

*

திருப்பூர் மறுபடியும். எல்லாத்துக்கும் நன்றிங்க, திருச்சி சகோதரி சொன்ன ஸ்க்ரீன் போட்டோ எனக்கு தோணவே இல்ல, 1915-உம் அப்ப தெரிஞ்சிருந்தா அந்த 23 நாளு பத்து நாளா கொறஞ்சிருக்கும்.

அடுத்து எந்த வண்டி எடுக்கப் போறேன்னு ரெண்டு பேரு தனியா கேட்டிருந்தீங்க. ஹோண்டா சிபி350-க்கு 3 வருஷத்தோட காசு கட்டி இன்னும் 7 வருஷம் சேத்துக்கலாம், மொத்தம் 10, அது நெஞ்சுக்கு தெம்பா இருக்கு, ஆனா எனக்கு வால்பாற பக்கம் எஸ்டேட் ரோட்ல எல்லாம் போகணும், தரையில இருந்து வண்டி இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணும். ஹிமாலயனுக்கு அந்த ஒசரமும் இருக்கு, டேங்க்கும் இருக்கு, மதுரைக்காரர் சொன்ன மாதிரி கை வைக்க ஆளும் இருக்கு. சனிக்கிழம கவுண்டருக்குப் போயி அந்த மூணு பார்ட்டும் கேட்டுட்டு நம்பர இங்கயே போடறேன். பழைய வண்டிய விக்கல, தம்பிக்கு குடுக்கறேன், புது ஆர்ஆர் போட்டதுல இருந்து பேட்டரி 14.2-ல நிக்குது, இன்னைக்கு காலைல கூட வச்சுப் பாத்தேன்.