பழைய மானிட்டரை அம்மாவுக்கு டிவியாக மாற்ற முடியுமா?

மேலூர்க்காரன்:
ஊரில் அம்மா பார்த்துக்கொண்டிருந்த டிவியின் பேனல் போய்விட்டது. மாற்றுகிற காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். என்னிடம் 19 இன்ச் மானிட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, 1440×900, பின்னால் விஜிஏவும் டிவிஐயும் மட்டும்தான், ஸ்பீக்கர் கிடையாது. செட்டாப் பாக்ஸ் எச்டி, அதில் எச்டிஎம்ஐயும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகளும் இருக்கின்றன. அம்மாவுக்கு சாயங்கால சீரியலும் செய்தியும் வந்தால் போதும். என்ன வாங்கினால் ஓடும்?

ஒயர்மேன்:
விஜிஏ பக்கமே போகாதீர்கள் நண்பரே, டிவிஐ இருக்கிறதே. எச்டிஎம்ஐயில் வருவதும் டிவிஐயில் வருவதும் ஒரே வகை டிஜிட்டல் சிக்னல்தான், அதனால் ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் டிவிஐ உள்ள சாதாரண கேபிள் போதும். விஜிஏ என்றால் உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கேபிளாக விற்பதை வாங்கினால் படமே வராது, கடையில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, மானிட்டர் ரொம்பப் பழசு என்றால் எச்டிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். நகலெடுப்பதைத் தடுக்கிற பூட்டு அது. மானிட்டருக்கு அது தெரியாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும், நீங்கள் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சத்தத்துக்கு ஏவியின் சிவப்பு, வெள்ளையிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர். படம் எச்டிஎம்ஐயில் போனாலும் பெரும்பாலான பாக்ஸ்களில் ஏவியிலும் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும்.

தேனி_அக்கா:
தம்பி, கேபிள் வாங்குவதற்கு முன்னால் மானிட்டர் மேனுவலில் வெர்டிகல் ஃப்ரீக்வென்சி, அதாவது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கும் என்று ஹெர்ட்ஸில் சொல்லும் எண், என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் இதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். நம் ஊர் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், பாக்ஸும் வழக்கமாக ‘1080i 50’ என்கிற 50 ஹெர்ட்ஸ் வடிவத்தில்தான் அனுப்பும். நிறைய மானிட்டர்கள் 56இலிருந்து 75 வரைதான் வாங்கும். இணைத்தவுடன் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று ஒரு பெட்டி திரையில் மிதக்கும், பாக்ஸ் மெனுவும் தெரியாது, எதையும் மாற்ற முடியாது. பக்கத்து வீட்டு டிவியில் ஏவி ஒயரைப் போட்டு மெனுவைத் திறந்து ‘720p 60’ என்கிற 60 ஹெர்ட்ஸ் வடிவத்துக்கு மாற்றிவிட்டு வந்தேன், உடனே படம் வந்தது. உங்கள் பாக்ஸில் 60 இல்லாவிட்டால் இந்த மானிட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம் அம்மா எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள்? பழைய மானிட்டர்களில் பெரும்பாலும் டிஎன் என்ற வகைத் திரைதான், அதைக் கீழேயிருந்து பார்த்தால் முகமெல்லாம் கறுத்துவிடும்.

மேலூர்க்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இருவருக்கும் நன்றி. அக்கா சொன்னது அப்படியே நடந்தது. மேனுவலில் 56–75, முதலில் அவுட் ஆஃப் ரேஞ்ச். நல்லவேளை பாக்ஸில் 60 இருந்தது, சித்தப்பா வீட்டு டிவியில் மாற்றிக்கொண்டு வந்தேன். 16:10 திரை என்பதால் ஆட்கள் ஒரு பொடி ஒல்லியாகத் தெரிகிறார்கள், அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஆனால் பழைய டிவி இருந்த அலமாரி மேலேயே வைத்திருந்தேன். அம்மா தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பவர். ‘ஏன்டா இருட்டடிக்குது’ என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். தகரப் பெட்டி மேல் இறக்கி வைத்து, முன்பக்கம் கொஞ்சம் சாய்த்ததும் சரியாகிவிட்டது.

ஒயர்மேன் சார், ஏவியில் சத்தம் எடுத்ததில் ஒரு நல்லது. ஸ்பீக்கரைப் பாதியில் வைத்துவிட்டால் பாக்ஸ் ரிமோட்டிலேயே கூட்டிக் குறைக்கலாம். பாக்ஸை அணைத்தால் மானிட்டரும் தானாகத் தூங்கிவிடுகிறது, போட்டால் எழுந்துகொள்கிறது. அம்மா கையில் ஒரே ரிமோட்தான்.