அம்மாவுக்கு இரவில் வாசிக்க வசனங்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை, கண்புரை இருப்பதால் வேதத்தைத் தானாக வாசிக்கவும் முடியவில்லை, அதனால் படுக்கும் முன் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல வசனம்தான், ஆனால் அதைக் கேட்டாலே அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். சங்கீதம் 13 வாசித்தபோதுதான், 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்ற இடத்தில், "தாவீதே இப்படிக் கேட்டிருக்கானா?" என்று வாய் திறந்தார். அப்புறம் 1 இராஜாக்கள் 19. செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குப் பிரசங்கம் எதுவும் இல்லை, தூதன் தட்டி எழுப்புகிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். அன்றைக்கு அம்மாவும் கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

இந்த மாதிரி, அழுகிறவர்களை அதட்டாமல் தேவ அன்பைக் காட்டுகிற பகுதிகள் தெரிந்தால் அதிகார எண்ணோடு சொல்லுங்கள். ஏசாயா 49:15, 16, யோவான் 11 இரண்டும் வாசித்தாயிற்று. பழைய மொழிபெயர்ப்பில் குரல் பதிவு இருந்தாலும் அனுப்புங்கள், எனக்கு நைட் டூட்டி உள்ள நாட்களில் போட்டுவிடலாம்.

இன்னொன்று, சங்கீதம் 88 இப்போது வாசிக்கலாமா? அது கடைசிவரை ஆறுதல் வரியே இல்லாமல் முடிகிறது, தயக்கமாக இருக்கிறது. துக்க வீட்டில் வாசித்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.