டிஎக்ஸ் வேகனுக்குப் பாட்ஸ் கார்: ஓடாத இரண்டில் எதை எடுப்பது?

கல்லடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மாமா ஓடிய 1984 டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன், மாடல் கேஈ72, இப்போது என்னிடம் நிற்கிறது. எஞ்சின் 5கே. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் நீலப் புகை வரும், சூடானதும் நின்றுவிடும். அதை அப்புறம் பார்க்கலாம். தலையிடி எல்லாம் பொடியில்தான், அதாவது வண்டியின் உடல் தகட்டில். கடலுக்குக் கிட்ட, தென்னைக்குக் கீழே வருடக்கணக்கில் நின்றதில் பின்பக்கத்தைக் கறல் (துரு) தின்றுவிட்டது. டிக்கி டோரின் அடி விளிம்பு கையோடு வருகிறது. இடது பின்சில்லுக்கு மேலுள்ள வளைவு, ஸ்பெயார் வீல் கிடக்கும் பள்ளம், லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனை பொடியில் பொருந்தும் இடம், மூன்றும் மோசம். பின் பக்கக் கண்ணாடி ஒன்று வெடித்திருக்கிறது. முன் மட்கார்ட் இரண்டும் ஓட்டை அடைக்கப் பூசிய பட்டியின் தயவில் நிற்கின்றன.

ஒவ்வொரு பாட்ஸாகத் தேடுவதைவிட ஓடாத வண்டி ஒன்றைப் பாட்ஸ் காராக முழுசாக வாங்கிக் கழற்றலாம் என்று நினைக்கிறேன். இரண்டு அகப்பட்டிருக்கின்றன.

ஒன்று உகணைப் பக்கம் நிற்கும் கேஈ70 சலூன். கடற்காற்றுப் படாததால் பொடி அப்படியே இருக்கிறது. நீள்சதுர ஹெட்லைட். 4கே எஞ்சின் இறுகிப்போயிருக்கிறது. பதிவுப் புத்தகம் இருக்கிறது.

மற்றது கல்முனைப் பக்கம் நிற்கும் டிஎக்ஸ் வேகன். எஞ்சினும் கியர்பொக்ஸும் முன்பே கழற்றியாயிற்று. முன்பக்கம் எதிலோ மோதியிருக்கிறது. பின்பாதி முழுசாக இருக்கிறது, கண்ணாடி எல்லாம் உண்டு. புத்தகம் தொலைந்துவிட்டது என்கிறார்.

விலையை இங்கே போடவில்லை, விற்கிறவர்களும் வாசிப்பார்கள். சலூனுக்குக் கேட்கும் விலை வேகனுடையதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. என் மனம் சலூன் பக்கம்தான். பொடி சுத்தம், எஞ்சினும் ஒன்று கையில் இருக்குமே. உங்கள் யோசனை என்ன?

செங்கலடி டிங்கர்:

தம்பி, சலூனின் எந்தப் பாகத்தை உங்கள் வேகனின் பின்பக்கத்துக்கு ஒட்டப்போகிறீர்கள்? மட்கார்ட்டை விட்டால் நீங்கள் சொன்ன வருத்தம் எல்லாம் நடுத்தூணுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சலூனில் வேகனின் டிக்கி டோர் இல்லை, அந்தப் பின் பக்கக் கண்ணாடி இல்லை, பின்சில்லு வளைவின் மேல்தகடு வேறு. பின் ஸ்பிரிங்கே வேறு: சலூனுக்குக் கொயில் (சுருள்), வேகனுக்கு லீஃப் (பட்டைத் தகடு). அந்த ஸ்பிரிங் பொருந்தும் இடம்தான் உங்களுக்குப் போயிருக்கிறது.

உங்களுக்கு எங்கே கெட்டிருக்கிறதோ அங்கே நல்லாயிருக்கிற வண்டிதான் உங்களுக்குப் பாட்ஸ் கார். மற்றதெல்லாம் பார்வைக்கு அழகு.

ஆனால் கல்முனை வேகனும் கடலோரத்து வண்டி. அதே இடம் அதிலும் போயிருந்தால் இரண்டு கறலை வைத்துக்கொண்டு ஒரு வண்டி கட்ட முடியாது. போகும்போது சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். பின்சில்லு வளைவில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான். ஸ்பெயார் வீல் பள்ளத்தை மேலிருந்து பார்க்க வேண்டாம், கீழே படுத்து ஸ்குரூட்ரைவரால் குத்துங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனையைப் பிடிக்கும் ஷக்கிள் பொருந்தும் பெட்டியில் சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும்.

அக்கரைப்பற்று பாட்ஸ் காக்கா:

டிங்கர் பாஸ் சொன்னது சரி. நான் பாட்ஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எஞ்சினுக்காகப் பாட்ஸ் கார் வாங்காதீங்க. டொயோட்டா கே எஞ்சின் 1966இல் முதல் கொரோலாவோடு வந்தது. 4கே 1290 சிசி, 5கே 1486 சிசி. லைட்ஏஸ் வானுக்கும் 5கே போட்டார்கள். பிஸ்டன், ரிங், பெயரிங், கேஸ்கட், வோட்டர் பம்ப் எல்லாம் இன்றும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடைக்குக் கடை கேட்டு எடுக்கலாம். உங்கள் நீலப் புகை வால்வ் சீலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கு இன்னொரு எஞ்சின் எதற்கு?

கிடைக்காதது எது தெரியுமா? வேகனுக்கு மட்டுமே உரியது. டிக்கி டோர், அதன் பிணைச்சல், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங், பின் பக்கக் கண்ணாடி, பின் லைட் கூடு, உள்பக்கத்து பிளாஸ்டிக் மூடி. இதையெல்லாம் கடையில் கேட்டால் சிரிப்பான்கள்.

சலூனிலிருந்து உங்களுக்கு உதவுவது முன்பாதி: பொனட், மட்கார்ட், முன் கதவு, முன் கண்ணாடி, டாஷ்போர்ட். அதிலும் முகத்தைப் பாருங்க. இந்த மாடல் 1979இல் வந்தபோது வட்ட ஹெட்லைட், பிறகு நீள்சதுரம். ஜப்பானில் சலூனை 1983இல் நிறுத்தினாலும் வேகன் 1987 வரை வந்தது. ஆகவே உங்கள் 84 வேகனுக்கு நீள்சதுர முகம். மட்கார்ட், கிரில், ஹெட்லைட் மூன்றும் ஒரே முகத்துக்குரியதாக இருக்க வேண்டும். உகணை சலூன் அதில் பொருந்தும். ஆனால் இரண்டு மட்கார்ட்டுக்காக முழு சலூனா?

கச்சேரியடி:

எல்லோரும் தகட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

"தொலைந்துவிட்டது" என்பது ஒரு பதிலே இல்லை. எங்கள் பக்கத்தில் 1990 போர்க்காலப் பிரச்சினையிலும் சுனாமியிலும் உண்மையாகவே புத்தகம் போனவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிக் களவு வண்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நம்பர் பிளேட் இருந்தால் அந்த நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு உரிமையாளர் யார் என்று எடுங்கள். அந்த ஆள், அல்லது அவருடைய வாரிசு, உங்கள் முன்னால் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். புத்தகம் தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடும், பிரதிப் புத்தகத்துக்கான விண்ணப்பமும் அவர் செய்ய வேண்டியவை, நீங்கள் அல்ல.

சேசி நம்பர் எஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வாலில் அடித்திருக்கும். பக்கத்துத் தகட்டில் மாடலும் இருக்கும்: உங்களுக்குத் தேவையானது கேஈ72 என்று தொடங்க வேண்டும். இரண்டையும் படம் எடுங்கள். சுற்றிவர வெல்டிங் தழும்பு இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

பாட்ஸ் காரின் நம்பர் துண்டை வெட்டி உங்கள் வண்டியில் ஒட்டுவது, தகட்டை மாற்றி அடிப்பது எல்லாம் குற்றம். "சும்மா ஒரு சின்ன வேலை" என்று சொல்லும் கராஜ் இருந்தால் அந்தக் கராஜுக்கே போக வேண்டாம்.

கல்லடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கல்முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நல்லது: சேசி நம்பர் தெளிவாக இருக்கிறது, கேஈ72தான், வெல்டிங் தழும்பு இல்லை. காந்தம் இரண்டு வளைவிலும் ஒட்டியது. ஷக்கிள் பெட்டி தட்டும்போது கணீரென்று கேட்டது. டிக்கி டோரில் மேலால் நிறம் வெளுத்திருக்கிறது, அடி விளிம்பு உறுதி.

சந்தேகம்: முன்சீற்றுக்குக் கீழே காபட்டைத் தூக்கினால் மெல்லிய மணல். விற்கிறவர் "பிள்ளைகள் ஏறி விளையாடினது" என்கிறார். வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ? இருந்தால் விட்டுவிடவா?

செங்கலடி டிங்கர்:

சீற் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி முழம் வரை. வெள்ளத்துக்குள் நின்றிருந்தால் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீற்றைக் கழுவுவான், காபட்டை மாற்றுவான், பெல்ட்டின் அடியைக் கழுவ ஒருவருக்கும் நினைவு வராது. அப்புறம் கதவு அட்டையைக் கழற்றி உள்ளே தகட்டில் மண்படிவு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

நல்ல தண்ணி வெள்ளம் என்றால் பயமில்லை. மார்கழி மழையில் மட்டக்களப்பில் நனையாத வண்டி எது? கடல் தண்ணி என்றால் வேண்டாம். உப்பு பெட்டித் தகடுகளுக்குள் இருந்துகொண்டு உள்ளிருந்து வெளியே தின்னும், நீங்கள் பெயின்ட் அடித்த பிறகும் தின்னும்.

கூழாவடி அண்ணி:

வண்டிக்காரர்கள் எல்லாம் பேசி முடித்தால் வீட்டுக்காரி ஒருத்தியும் பேசலாமா? எங்கள் வளவில் இப்படி ஒரு "பாட்ஸ் கார்" நின்றது. டிக்கியிலும் ரயரிலும் மழைத்தண்ணி தேங்கி நுளம்புப் புழு. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எச்சரித்துவிட்டுப் போனார், அடுத்த முறை வழக்கு என்றார். அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

எங்கே வைப்பது, எப்போது அகற்றுவது என்ற இரண்டும் வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும். மாரிக்கு முன் கழற்றி முடிக்க முடியாதென்றால் மாரி போன பிறகு வாங்குங்கள் தம்பி. தறப்பாள் போட்டு மூடினாலும் அதன் மடிப்பில் தண்ணி தேங்கும்.

அக்கரைப்பற்று பாட்ஸ் காக்கா:

அண்ணி சொன்னதற்கு மேலே ஒன்று. கழற்றும் ஒழுங்கும் முக்கியம். முதலில் கண்ணாடியும் பீடிங்கும். பீடிங் இறுகியிருந்தால் இழுக்க வேண்டாம், வெயிலில் விட்டு, சவர்க்காரத் தண்ணி பூசி, மெதுவாக. பீடிங்கா கண்ணாடியா என்று வந்தால் பீடிங்கை வெட்டிக் கண்ணாடியைக் காப்பாற்றுங்க. வயறிங்கைத் துண்டு துண்டாக வெட்டாதீங்க, சொக்கெட்டோடு முழுக் கோர்வையாக வெளியே வரட்டும். ஒவ்வொரு இடத்து நட்டும் போல்ட்டும் தனித்தனித் தயிர்ச்சட்டியில், எந்த இடம் என்று எழுதிப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டினால் பொருத்தும்போது வாளியோடு சண்டைதான்.

பாட்ஸ் காரிலிருந்து எடுக்கக் கூடாதவையும் உண்டு: பிரேக் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், போல் ஜொயின்ட். நின்ற வண்டியில் இவை வெளியே நல்லாயிருக்கும், உள்ளே ரப்பர் போயிருக்கும். புதுசு போடுங்க.

செங்கலடி டிங்கர்:

வெட்டும் விஷயமும் சொல்லிவிடுகிறேன். பாட்ஸ் காரில் துண்டு வெட்டும்போது தேவையைவிட ஒரு சாண் அகலமாக வெட்டுங்கள். ஸ்பொட் வெல்டிங் இருக்கும் இடத்தில் கிரைண்டர் வைக்காமல் புள்ளி புள்ளியாகத் துளைத்துப் பிரித்தால் விளிம்பு கெடாது. உங்கள் வேகனை ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு ஷக்கிள் பெட்டியை வெட்டினால் பொடி திருகிவிடும். உள்ளே குறுக்குக்கம்பி ஒட்டிவிட்டு, இரண்டு பக்கமும் அளந்து, ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம். வேலை முடியும்வரை பாட்ஸ் காரை இரும்புக்கு விற்காதீர்கள். எந்தக் கிளிப் எங்கே போனது என்று பார்க்க அதுதான் புத்தகம்.

கல்லடிக்காரன்:

பெல்ட் பார்த்தேன், சுத்தம். கதவுக்குள்ளும் மண்கோடு இல்லை. மணல் பிள்ளைகள் கொண்டுவந்ததுதான் போல. பதிவு உரிமையாளர் காலமாகிவிட்டார், மகன் மருதமுனையில் இருக்கிறார், கையெழுத்து வைக்கச் சம்மதம். பிரதிப் புத்தகத்துக்குப் போட்டிருக்கிறார். சின்ன அட்வான்ஸ் கொடுத்து, வண்டியைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கல்முனையிலிருந்து இங்கே 40 கிலோமீட்டர் இருக்கும், கயிறு கட்டி இழுத்து வரலாமா? உகணைக்காரர் மட்கார்ட் இரண்டை மட்டும் தர மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம்?

கச்சேரியடி:

இழுக்க வேண்டாம். பிரேக் இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத, வருமான அனுமதிப்பத்திரம் இல்லாத வண்டி வீதியில் சில்லு வைக்கவே கூடாது. லொறியில் ஏற்றுங்கள். விற்பனைக் கடிதம், உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி இரண்டும் லொறிக்காரரிடம் இருக்கட்டும், வழியில் பொலிஸ் கேட்பார்கள். உங்கள் சொந்த வேகன் எத்தனை வருடம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நின்றது? நிலுவையைப் பிரதேச செயலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். பெயின்ட் செலவுக்குப் பிறகு அது வந்தால் வலிக்கும்.

செங்கலடி டிங்கர்:

லொறி போவதற்கு முதல் நாள் காற்றடித்து நாலு சில்லும் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பின் டிரம் பிடித்திருந்தால் சில்லைக் கழற்றி டிரம்மைச் சுற்றிவரத் தட்டினால் விடும். சுற்றாத சில்லோடு வண்டியை ஏற்ற நிற்கிற ஆட்களுக்குத்தான் கூலி ஏறும்.

அம்பாறை கேஈ70:

இதையெல்லாம் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஓடுகிற சலூன் ஒன்று இருக்கிறது, பின்னால் லொறி இடித்து டிக்கி மூடியும் பின்தகடும் போய்விட்டன. என்னுடையது வட்ட ஹெட்லைட், அதனால் முன்பக்கம் எனக்கு ஒன்றுக்கும் உதவாது. உகணை வண்டியை முழுசாக நான் எடுத்தால் மட்கார்ட் இரண்டையும் பொனட்டையும் நீங்கள் எடுக்கிறீர்களா, கல்லடி?

கல்லடிக்காரன்:

மட்கார்ட் இரண்டும் எடுக்கிறேன். பொனட் என்னிடம் நல்லாயிருக்கிறது. கிரில் உடையாமல் இருந்தால் அதையும் சேர்த்து ஒரு விலை சொல்லுங்கள், தனியாக எழுதுகிறேன்.

அக்கரைப்பற்று பாட்ஸ் காக்கா:

பொனட் வேண்டாமென்றால் எனக்கு. அந்த 4கேயின் கார்பரேட்டரையும் யாருக்கும் சொல்லிவிடாதீங்க.