எல்லா அறிக்கையும் சரி, வயிறு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை

கேள்வி: தூக்கம் தொலைத்தவள்

தொப்புளுக்கு மேலே, சற்று வலப்பக்கம் ஒதுங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலி. 14 மாதங்கள் ஆகின்றன. குத்துவதில்லை, ஈரத்துணியை யாரோ பிழிவதுபோல ஒரு முறுக்கல். மலம் கழித்தால் பாதி குறைகிறது. எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தம், மலம் என எல்லாப் பரிசோதனைகளும் முடிந்துவிட்டன. "பயப்பட ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொன்ன அன்று குழந்தைபோல் உறங்கினேன். அந்த நிம்மதிக்கு ஆயுள் மூன்று நாள். நான்காம் நாள் காலை பல் துலக்கும்போது, "ஸ்கேன் எடுத்தவர் அவசரத்தில் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால்?" என்று தோன்றியது. அவ்வளவுதான், பழைய கதை.

இப்போது கண்ணாடி முன் நின்று அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. காலையும் மாலையும் எடை பார்க்கிறேன். நேற்று 300 கிராம் குறைந்திருந்தது. இரவு இரண்டு மணி வரை கணையத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. வலி என் கற்பனை இல்லை. ஆண்டுக்கணக்கில் இதோடு இருப்பவர்கள் ஒரு நாளை எப்படித்தான் ஓட்டுகிறீர்கள்?

பதில்: ஒன்பது வருட அனுபவஸ்தன்

கற்பனை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் குடலில் புண் இருக்காது, ஆனால் அந்த நரம்புகள் சாதாரண வாயு நகர்வைக்கூட வலியென்று மூளைக்குச் சொல்லிவிடும். மூளை மிரண்டால் குடல் இன்னும் இறுகும். பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது அந்த இரண்டு விரல்கள். நானும் அழுத்தியவன்தான். ஒருநாள் மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, தலையைத் தூக்கி வயிற்றை இறுக்கச் சொல்லி, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார். துள்ளிவிட்டேன். "இறுக்கும்போது வலி கூடினால் அது பெரும்பாலும் மேல்சதையின் வலி. உள்ளே இருப்பது வேறு, இது நீங்களே அழுத்தி அழுத்திப் புண்ணாக்கியது" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றுக்கு இரண்டு வலியை வளர்த்து வந்திருக்கிறேன்!

"இனி அழுத்தவே மாட்டேன்" என்ற சபதம் அரை நாள்கூட நிற்கவில்லை. அதனால் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு, கை வயிற்றுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். முதல் நாள் 61 கோடுகள். பிறகு மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு முறை அழுத்தலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்தேன். மூன்று வாரத்தில் மேல்சதை வலி போய்விட்டது. உள்ளே இருக்கும் முறுக்கல் இன்றும் வந்து போகிறது. வந்தால், "வந்தாயா, சரி" என்று விட்டுவிடுகிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

பதில்: மாத்திரை டப்பா

300 கிராமுக்கா இத்தனை கலவரம்? அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அரை கிலோ ஏறும். முயற்சி செய்யாமலே மாதக்கணக்கில் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, மலம் கருத்துப் போனாலோ, ரத்தசோகை, காய்ச்சல், விழுங்குவதில் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். அது பயம் அல்ல, முறை.

இன்னொன்று. எனக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார்கள். மனச்சோர்வு மருந்து என்று தெரிந்ததும் சீட்டைக் கசக்கி எறிந்தேன். பிறகுதான் புரிந்தது: மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைப்போலப் பல மடங்கு, இந்தச் சிறு அளவு குடல் நரம்புகளின் கூச்சலைத் தணிப்பதற்கு. குடல் எரிச்சல் நோய்க்குறி (IBS, அதாவது புண் எதுவும் இல்லாமலே குடல் வலிப்பது) உள்ளவர்களிடம் இந்தச் சிறு அளவைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. பலன் இருப்பதாகவே முடிவு. எனக்கு வாய் வறட்சியும் காலைத் தூக்கக் கலக்கமும் இருந்தன, வலி பாதியானது. உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக வாங்கிவிடாதீர்கள்.

பதில்: தூக்கம் தொலைத்தவள்

இருவருக்கும் நன்றி. படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேல்சதைதான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் அடுத்த முறை மருத்துவரிடமும் காட்டுகிறேன். அனுபவஸ்தரே, இன்று மதியத்துக்குள் 43 கோடுகள். உங்களை முந்திவிடுவேன் போலிருக்கிறது. மாத்திரை பற்றியும் கேட்கிறேன். எனக்கும் சீட்டைக் கசக்கும் கைதான். எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் கடைசிவரை தள்ளிவிட்டேன். எடுக்கக் குனிந்தால் வயிறு வலிக்கும். அதுவும் ஒரு வசதிதான்.